ஒரு மணி ஐம்பது நிமிடம்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏ4 தாள், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. மேல் பாதி, நான் டைப் செய்து பிரின்ட் எடுத்த பயணத் திட்டம்: ஷாங்காய் – பெய்ஜிங், தூரம் 1,067 கி.மீ., விமான நேரம் 1 மணி 50 நிமிடம். கீழ்ப் பாதி சாருடைய கையெழுத்து. நீல மையில், எறும்பு வரிசை மாதிரி, ஒன்றன்கீழ் ஒன்றாக நேரங்கள். முதல் வரி 5.40. கடைசி வரி 3.25. காலை ஐந்து நாற்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மதியம் மூன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று அர்த்தம். ஒன்பதே முக்கால் மணி நேரம். மூன்று மணிக்குக் கூட்டம். சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இந்நேரம் மறந்திருப்பேன்.

2018 ஜூலையில் நடந்த கதை இது. அப்போது நான் ஷாங்காயில் ஒரு இயந்திரக் கம்பெனியில் சர்வீஸ் வேலையில் இருந்தேன். சார் சென்னைத் தலைமை அலுவலகம். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் கம்பெனி விடாமல் வைத்திருந்த பழைய காலத்து இன்ஜினியர். எந்த மிஷின் முன்னால் நின்றாலும் சட்டைப்பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து, எத்தனை மணிக்கு ஓட ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துக்கொள்வார். அவர் ஷாங்காய் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெய்ஜிங் எவ்வளவு தூரம்ப்பா?" என்பதுதான். தூரம் என்று கேட்டாலும் நாம் எதிர்பார்ப்பது நேரத்தைத்தானே. ஊரில் அப்பாவிடம் போனில் பேசினால் அவரும் அப்படித்தான். "அது எவ்வளவு தூரம்டா?" என்பார். ஆயிரம் கிலோமீட்டர் என்று சொன்னால் பேச்சு நின்றுவிடும். ரெண்டு மணி நேரம் என்றால் "அவ்வளவுதானா" என்று அடுத்த விஷயத்துக்குப் போவார். கூப்பிடு தூரம், நடை தூரம் என்று அளந்த பரம்பரை. கிலோமீட்டர் எல்லாம் மைல்கல்லுக்குத்தான்.

சாருக்கு நான் நேரத்தைச் சொன்னேன். எங்கிருந்து எடுத்தேன் என்பதில்தான் வினை. இரண்டு ஊர்ப் பெயரை அடித்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கக்கும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. பின்னால் ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பக்கம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பிடிபட்டது. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே கயிற்றை இழுத்துக் கட்டினால் எவ்வளவு நீளமோ அதை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் சொச்சத்தால் வகுக்கிறது. ஏற இறங்க என்று ஓர் அரை மணி நேரத்தைச் சேர்க்கிறது. 1,067-ஐ வகுத்தால் ஒரு மணி இருபது நிமிடம். அரை மணி சேர்த்தால் ஒன்று ஐம்பது. அவ்வளவுதான். அதில் விமானம் இல்லை, விமான நிலையம் இல்லை, மேகம் இல்லை, முன்னால் நிற்கும் இன்னொரு விமானம் இல்லை. டிக்கெட்டில் என்னவோ 8.00 – 10.20 என்று இரண்டு மணி இருபது நிமிடம் தெளிவாகவே போட்டிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகக் காட்டிக்கொள்ள ஏர்லைன்காரர்கள் கூட்டிப் போடுவார்கள்" என்று நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அரைகுறையாகத் தெரிந்தவன் செய்கிற வேலை.

ஒரே இரண்டு ஊர், நாலு தூரம்

கயிறு கட்டினால் 1,067. காரில் போனால், ஜி2 என்கிற பெய்ஜிங்–ஷாங்காய் விரைவுச்சாலை 1,262 கிலோமீட்டர். அதிவேக ரயில் பாதை 1,318. பழைய ரயில் பாதை 1,463. நாலும் சரி, நாலும் ஒன்றல்ல. இதில் எந்தப் பெய்ஜிங், எந்த ஷாங்காய் என்ற கேள்வி வேறு. ஷாங்காயில் ஹோங்சியாவ் விமான நிலையம் நகரத்தின் மேற்கே ஒட்டினாற்போல் இருக்கிறது. 1999-ல் திறந்த புதோங் கிழக்கே கடலோரத்தில், நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி. பெய்ஜிங்கில் அப்போது பெரும்பாலானவர்கள் போனது வடகிழக்கிலுள்ள தலைநகர விமான நிலையத்துக்கு. பெட்டியில் ஒட்டும் சீட்டில் அதற்கு இன்றும் பிஇகே என்றுதான் அச்சாகிறது. ஊர் பீக்கிங் என்று எழுதப்பட்ட காலத்தின் மிச்சம். மறு வருடம், 2019 செப்டம்பரில், தெற்கே தியானன்மென்னிலிருந்து 46 கிலோமீட்டரில் தாசிங் திறந்தது. ஆக, "பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்" என்பதற்கு இப்போது நாலு விதமான ஆரம்பமும் முடிவும் உண்டு. தப்பான இரண்டைத் தேர்ந்தெடுத்தால் தரையிலேயே ரெண்டு மணி நேரம் போய்விடும்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்னொன்று. சீனாவின் மின் வரைபடங்களில் ஊர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. அங்கே வெளியிடும் வரைபடங்கள் எல்லாம் சட்டப்படி ஒரு கணக்குச் சூத்திரத்தால் சில நூறு மீட்டர் நகர்த்தப்பட்டவை, பாதுகாப்புக் காரணம். ஜிபிஎஸ் கருவியில் எடுத்த புள்ளியை அப்படியே அந்த வரைபடத்தில் வைத்தால் நீங்கள் ஆற்றுக்குள் நிற்பீர்கள். அங்குள்ள கணினிக்காரர்கள் இதைக் கிண்டலாகச் 'செவ்வாய்க் கிரக ஆயத்தொலைவு' என்பார்கள். முதல்முதலில் கேள்விப்பட்டபோது, அப்படியானால் என் 1,067-ம் பொய்யோ என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். இல்லை, நகர்வதே சில நூறு மீட்டர்தான் என்பதால் ஆயிரம் கிலோமீட்டர் தூரம் சொல்லும்படி மாறுவதில்லை. என் பிழை அதைவிடச் சாதாரணமானது.

ஜூலையில் பறப்பதில்லை

எங்கள் அலுவலகத்தில் கணக்கு வழக்கு, பயண ஏற்பாடு எல்லாம் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதை ஒட்டிய ஷாங்காய்க்காரர். எல்லோரும் அவரை 'ஜியே' என்று கூப்பிடுவார்கள். நம் 'அக்கா'தான். மொழிபெயர்ப்புக்கு அவரும் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டியிருந்தது. மூன்று டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். "உங்கள் இரண்டு பேருக்கும் போட்டுக்கொள். ஜூலையில் பெய்ஜிங்குக்கு நான் பறப்பதில்லை" என்றார். அவர் ஜி2 ரயிலில் வருவாராம் (சாலைக்கும் அதே பெயர்தான்; இது அதிவேக ரயிலின் எண்). ஒன்பது மணிக்கு ஹோங்சியாவில் கிளம்பி மதியம் 1.28-க்கு பெய்ஜிங் தெற்கு நிலையம். நாலு மணி இருபத்தெட்டு நிமிடம். நான் சிரித்தேன். நாங்கள் பத்து இருபதுக்கு இறங்கி, டிபன் சாப்பிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவருக்காகக் காத்திருப்போம் என்றேன். அக்கா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்களும் அவரும் கிளம்பியது கிட்டத்தட்ட ஒரே கட்டடத்திலிருந்து. ஹோங்சியாவில் இரண்டாம் முனையமும் ரயில் நிலையமும் அடுத்தடுத்து ஒட்டியே இருக்கின்றன, நடுவில் மெட்ரோ. நாங்கள் அங்கே ஆறரைக்கு இருந்தோம். சோதனை, வரிசை, காலணியைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று. ஏழரைக்கு விமானத்துக்குள் உட்கார்ந்தாகிவிட்டது. இரண்டு நடைவழி உள்ள ஏ330. ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு பெரிய விமானமா என்று சார் ஆச்சரியப்பட்டார். அது பெரிய வழித்தடம் சார், 2007-ல் இருந்தே இந்த இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே தனி கவுன்டர் வைத்து 'விரைவுத் தடம்' என்று நடத்துகிறார்கள், கூட்டம் அப்படி என்று நான் பெருமையாகச் சொன்னேன். கூட்டம் என்பது பாதி விடை. மீதி விடை அடுத்த மூன்று மணி நேரத்தில் கிடைத்தது.

7.55, கதவு சாத்தியது. தாளில் சார் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

எட்டு மணி ஆனது, அசையவில்லை. எட்டேகாலுக்கு ஒலிபெருக்கியில் நீளமாகச் சீனத்தில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ஒரே வரி. சீன அறிவிப்பில் எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல்: லியூலியாங் கோங்ஜி. லியூ என்றால் ஓடுவது, தண்ணீர் ஓடுவது. அந்த எழுத்திலேயே இடப்பக்கம் மூன்று நீர்த்துளி இருக்கும். லியூலியாங், ஓடுகிற அளவு. கோங்ஜி, கட்டுப்பாடு. சுற்றிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கவாட்டில் ஒரு பெண் கழுத்துத் தலையணையை எடுத்து மாட்டிக்கொண்டார். முன் வரிசையில் ஒருவர் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தார். எல்லோரும் தயாராக வந்திருந்தார்கள், எங்கள் இருவரைத் தவிர. கதவைச் சாத்தி எல்லாம் தயார் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னால்தான் வரிசையில் இடம் கிடைக்கும் என்பதால், கிளம்ப முடியாது என்று தெரிந்தும் ஏற்றி உட்கார வைத்துவிடுகிறார்கள். இதை எனக்குச் சொன்னது பக்கத்து இருக்கைக்காரர்.

அவர் முப்பது முப்பத்தைந்து வயது ஆள். மருந்துக் கம்பெனி விற்பனை, மாதத்துக்கு மூன்று தடவை இந்தத் தடத்தில் போய் வருபவர். போனில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். அதன் பெயர் ஃபெய்சாங்ஜுன். 'மிகத் துல்லியம்' என்று பொருள்படும் சொல்லில், முதல் எழுத்தை மட்டும் அதே உச்சரிப்புள்ள 'பற' என்ற எழுத்தாக மாற்றி வைத்த சிலேடை. நம் கவியரங்கத்தில் வைத்தால் கைதட்டல் வாங்கும். அதில் எங்கள் விமானம், நேற்று இதே விமான எண்ணில் பறந்த பாதை, முந்தாநாள் பறந்த பாதை எல்லாம் இருந்தன. நேற்றைய கோட்டை விரலால் பெரிதாக்கினார்.

அந்தக் கோட்டைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. என் மனதில் இருந்தது இணையப் பக்கத்தின் கோடு: ஷாங்காயிலிருந்து வடமேற்காக, லேசாக வளைந்து, வழவழவென்று ஒரு நீல நூல். இவர் போனில் இருந்தது சைக்கிள் செயின் அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. கிளம்பியதும் ஒரு பக்கம் போய், அங்கிருந்து மேற்கே திரும்பி, ஜியாங்சு மாகாணத்துக்கு மேல் ஒரு முனை, ஷான்தோங் மேல் இன்னொரு முனை, பெய்ஜிங்குக்கு வெளியே இரண்டு வட்டம், அப்புறம் ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வடகிழக்கில் போய் இறங்கியிருந்தது. அவர் வரைபடத்தைச் சுருக்கினார். அந்த நேரத்தில் வானத்தில் இருந்த மற்ற விமானங்கள் எல்லாம் தெரிந்தன. சின்னச் சின்ன மஞ்சள் பொம்மைகள், ஒன்றன்பின் ஒன்றாக, அதே அறுந்த செயின் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் வெறும் வானம். ஒரு பொம்மை கூட இல்லை. "ஏன் இந்தப் பக்கம் யாரும் போகவில்லை?" என்று அந்தக் காலி இடத்தில் விரலை வைத்துக் கேட்டேன். அவர் தோளில் பட்டை குத்தியிருப்பதைப் போல இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். ராணுவம்.

மடை

சீனாவில் வானம் ராணுவத்தின் கையில் இருக்கிறது. ஒட்டுமொத்த வான்வெளியின் நிர்வாகமும் விமானப்படையிடம். பயணிகள் விமானத்துக்கு விட்டிருப்பது அதற்குள் வகுத்துக் கொடுத்த வழிகள் மட்டும். சாலை மாதிரித்தான், அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. சமவெளியில் பறந்தாலும் மலைப்பாதையில் போகும் பஸ் மாதிரி அந்த வழியை விட்டு விலக முடியாது. உயரத்தைக் கூட பெரும்பாலான மற்ற நாடுகள் போல அடியில் சொல்லாமல் மீட்டரில்தான் சொல்கிறார்கள்: 10,100 மீட்டர், 10,400 மீட்டர், 10,700 மீட்டர் என்று மாடி மாடியாக. பெய்ஜிங் நகர மையத்துக்கு மேல் பயணிகள் விமானம் பறக்கவே கூடாது. எனவே தெற்கிலிருந்து வருகிற எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் வடகிழக்கிலுள்ள ஓடுபாதைக்குப் போயாக வேண்டும். ஜூலையில் வட சீனச் சமவெளியில் இடிமேகம் கட்டும். நல்ல அகலமான வானத்தில் பைலட் மேகத்தை ஒதுங்கிக்கொண்டு போய்விடுவார். இங்கே ஒதுங்கினால் அது ராணுவத்தின் இடம். அனுமதி கேட்க வேண்டும். ஷான்தோங்கில் ஒரு மேகம் எழுந்து வழியில் நின்றால், அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் தெற்கே ஷாங்காயில் வெயிலடிக்கும் ஓடுபாதையில் விமானம் கிளம்ப முடியாது. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று இருந்தது. வானிலை காரணமாக என்று ஆங்கிலத்தில் சொன்னபோது சார் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்களுடையது திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். மேலே ஒரு வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்ததற்கு இத்தனை நாள். எங்கள் முறை வரும் என்று அப்பா ராத்திரி மடைக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார். வயலுக்கும் மடைக்கும் நடுவே பத்து நிமிட நடை. தண்ணீர் வந்து சேர மூன்று நாள். "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால் வாய்க்காலின் நீளத்தைச் சொல்ல மாட்டார். மேலே யார் யாருக்கு இன்னும் பாய வேண்டும் என்பதைத்தான் சொல்வார். லியூலியாங் கோங்ஜியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அதற்கப்புறம் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. முறைத் தண்ணீர். பெரிய விமானத்தின் ரகசியமும் அதுதான்: கிடைக்கிற முறைகள் கொஞ்சம் என்பதால், ஒரு முறைக்கு எத்தனை பேரை ஏற்ற முடியுமோ அத்தனை பேரை ஏற்றி அனுப்புகிறார்கள்.

மணி 9.55. ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பன்னும் வந்தன. பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 2017 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறதாம்: கதவு சாத்தி இரண்டு மணி நேரம் ஆனால் குடிக்கவும் தின்னவும் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆகியும் கிளம்பும் நேரம் உறுதியாகாவிட்டால் ஆட்களை இறக்கிவிட வேண்டும். அந்த மூன்றாவது மணி நேரத்தை முழு விமானமும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறக்கிவிட்டால் வரிசையில் இடம் போகும், பெட்டிகளை இறக்க வேண்டும், அப்புறம் சாயங்காலம்தான். இறங்க வேண்டும் என்று ஒரு கூட்டம், இறங்கவே கூடாது என்று இன்னொரு கூட்டம், குரல்கள் ஏறின. கால் மணிக்கு ஒரு தடவை சார் என்னிடம் "பத்தேகால்ப்பா", "பத்தரைப்பா" என்பார், மிஷின் வெப்பநிலை சொல்வது போல. 10.48-க்குச் சக்கரம் தரையை விட்டது. கதவு சாத்தி இரண்டு மணி ஐம்பத்து மூன்று நிமிடம். கைதட்டினார்கள்.

சார் குறித்த கணக்கு

மீதியைத் தாளிலிருந்தே சொல்லிவிடுகிறேன். 12.55 தரை தொட்டது; பெய்ஜிங்குக்கு வெளியே எங்களுக்கும் இரண்டு வட்டம் உண்டு. 1.20 நின்றது, முனையத்தில் இடமில்லாமல் எங்கோ ஒதுக்குப்புறத்தில். 1.32 பஸ். 1.55 பெட்டி. 2.10 டாக்ஸி. அப்புறம் மழை, வளையச்சாலையில் நெரிசல். கூட்டம் நடந்த இடம் நகரின் தென்மேற்கில், விமான நிலையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். டாக்ஸியில் இருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. தடித்த நூடுல்ஸ் மேல் கறுப்பாகச் சோயா விழுது, ஓரத்தில் வெள்ளரித் துருவல்: பெய்ஜிங்கின் ஜாஜியாங்மியான். இரண்டு மணிக்கே வந்துவிட்டார், சாப்பிட்டும் முடித்துவிட்டார். கூட்டத்துக்கு வந்தவர்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து எங்களுக்காகச் சமாளித்ததும் அவர்தான். எங்களைவிட இரண்டு மணி இருபது நிமிடம் தாமதமாக வீட்டை விட்டுக் கிளம்பி, எண்பத்தைந்து நிமிடம் முன்னால் வந்திருக்கிறார்.

அன்று ராத்திரி ஹோட்டலில் சார் அந்தத் தாளை மேஜை மேல் விரித்து வைத்து, நேரங்களுக்குப் பக்கத்தில் கழித்தல் கணக்குப் போட்டார். மொத்தம் 585 நிமிடம். அதில் காற்றில் இருந்தது 127. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "உன் ஒரு மணி அம்பது நிமிஷம் தப்பில்லப்பா. பக்கத்துல பக்கத்துலதான் வருது. ஆனா அது நம்ம பிரயாணத்துல கால்வாசி கூட இல்ல" என்றார். பிறகு, "மிஷின் ஓடுற நேரத்த மட்டும் குறிச்சிக்கிட்டு, நின்ன நேரத்த விட்டுட்டா அது லாக் புக் ஆகுமா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைக்கப் போனார். தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது

மறுநாள் விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மூன்று பேரும் ரயிலில் வந்தோம். அப்போதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கவுன்டரில் காட்டித்தான் டிக்கெட் தாளை வாங்க வேண்டும். அந்த வரிசையில் நாற்பது நிமிடம் போனதைச் சொல்லாமல் விட்டால் ரயிலுக்கு ஆள் பிடிப்பது போலாகிவிடும். இரண்டாம் வகுப்பு 553 யுவான். பெட்டியின் கோடியில் வேகம் காட்டும் பலகை: 347, 348, 349. பக்கத்தில் வெந்நீர்க் குழாய், அதற்கு முன்னால் ஃபிளாஸ்க்கும் கப் நூடுல்ஸுமாக வரிசை. சார் ஜன்னல் விளிம்பில், நம் பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைத்து நேரம் குறிக்க ஆரம்பித்தார். அக்காவும் பர்ஸிலிருந்து ஒரு யுவான் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். யுவான் ஒரு வளைவில் சாய்ந்தது. ஐந்து ரூபாய் நின்றது. "மெட்ராஸ்–பம்பாய் மாதிரி தூரம்தானப்பா இது?" என்றார் சார். அதேதான், அங்கேயும் ரயில் தூரம் 1,280 பக்கம், ஆனால் ஒரு நாள் ஓட்டம். இங்கேயும் 2004-ல் வந்த இரவு ரயில்கள் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டவைதான். 2011 ஜூன் 30-ல் இந்தப் புதுப்பாதை திறந்தது. 2017 செப்டம்பரில் வேகத்தை 350-க்கு ஏற்றினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது புரிந்தது, நேர்கோடு இங்கேதான் இருக்கிறது. தரையில். வழிக்கு வழி தூண் நட்டு அதன் மேல் போட்டிருக்கிறார்கள். சுஜோ பக்கம் தான்யாங்–குன்ஷான் பாலம் ஒன்று மட்டுமே 164 கிலோமீட்டர். வயல், குளம், ஊர், கால்வாய் எதற்கும் வளைந்து கொடுக்காமல் மேலேயே போகிறது. வரைபடத்தில் நீளம் 1,318 என்று இருநூற்றைம்பது கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் முன்னால் நின்று மறிக்க யாரும் இல்லை. காலியாக, அகலமாக இருக்கும் என்று நான் நம்பியிருந்த வானம்தான் ஒற்றையடிப் பாதை.

தேஜோ தாண்டியபோது அந்த ஊர்ச் சமைத்த கோழியை உறையில் போட்டு விற்றுக்கொண்டு வந்தார்கள். அக்கா ஒன்று வாங்கினார். மஞ்சள் நதி வந்தது, ஒரு நிமிடம் கூட இல்லை. இரண்டு பக்கமும் மார்பளவு மக்காச்சோளம், நெட்டநெட்டென்று பாப்லார் மரங்கள், மறுபடி மக்காச்சோளம். பெங்பு பக்கத்தில் ஹுவாய் ஆற்றைத் தாண்டினோம். அதற்குத் தெற்கேதான் நெல் என்று பள்ளிப் புத்தகத்தில் படிப்பார்களாம், அக்கா சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் இல்லை, ஆனால் சார் அடுத்த நேரம் குறிப்பதற்குள் தண்ணீர் கட்டிய வயல் வந்துவிட்டது. வரப்பில் ஒரு ஆள் குனிந்து எதையோ அடைத்துக்கொண்டிருந்தார். மடையாக இருக்கும். 348-ல் போகும்போது உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் போன் போட்டேன். "எவ்வளவு தூரம்டா வந்திருக்க?" என்றார். நடவு வயல் தெரியுது என்றேன். "அப்ப ஊர் பக்கத்துல வந்துட்ட" என்றார்.

சார் சென்னைக்குப் போன மூன்றாவது மாதம் ஒரு மெயில் போட்டிருந்தார். உரும்ச்சியில் ஒரு ஆர்டர் வரும் போலிருக்கிறது, ஷாங்காயிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும், கேட்டுச் சொல். பழக்க தோஷம், கை தானாக அந்த இணையப் பக்கத்தைத் திறந்தது: 3,270 கிலோமீட்டர், நாலரை மணி நேரம் சொச்சம். மூடிவிட்டு அக்கா மேஜைக்குப் போனேன். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் என்னைக் கேள்வி கேட்டார். எந்த மாதம்? குளிர்காலம் என்றால் மேல்காற்று மேற்கிலிருந்து எதிரே தள்ளும். போகும்போது ஐந்து மணி நேரத்தைத் தாண்டும், வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளி நாலரைக்குள் கொண்டுவந்து விடும். ஹோங்சியாவா, புதோங்கா? காலை விமானமா, மாலையா? அங்கே கூட்டம் எத்தனை மணிக்கு, அதுவும் எந்தக் கடிகாரத்தில்? நாடு முழுக்க பெய்ஜிங் நேரம்தான் என்றாலும் உரும்ச்சியில் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தையும் வைத்திருக்கிறார்கள். ஜூலையில் அங்கே இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடிக்கும், பத்து மணிக் கூட்டம் என்று ஒருவர் சொன்னால் திருப்பிக் கேட்டுக்கொள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து சாருக்கு அனுப்பினேன். முக்கால் பக்கம் வந்தது. மறுநாள் ஒரே வரியில் பதில்: "சரிப்பா. இதுல சாப்பாட்டு நேரம் எங்க?"